இருபத்தி நாலாவது ஆள்

அடுத்தவங்க எப்படிக் கத்துக்கிறாங்கன்னு பாத்து எழுதுறதுதான் என் வேலை. பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்துட்டு, நாப்பது வயசுல ஆராய்ச்சிப் படிப்புல சேந்தேன். "இந்த வயசுல எதுக்கு?"ன்னு கேட்டவங்க எல்லாருக்கும் ஒரே பதில்தான் வெச்சிருந்தேன். நான் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் பரீட்சை முடிஞ்ச மறுநாளே பிள்ளைங்க மறந்துட்டாங்க, அது ஏன்னு தெரிஞ்சுக்காம நான் சாகமாட்டேன்.

ஆராய்ச்சி என்னன்னு சுருக்கமாச் சொல்லிடறேன், இல்லாட்டி அப்புறம் நடந்தது புரியாது. ஒருத்தருக்கு எடுத்த எடுப்புலயே சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தா, மண்டையை ஆட்டிட்டு மறந்துடுவாங்க. அதுவே முதல்ல அவங்களை முட்டி மோத விட்டு, தப்பு பண்ண விட்டு, ஒரு வாரம் கழிச்சு "நீங்க பண்ணது இது, சரியானது இது"ன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினா நல்லாப் பதியும். புத்தகத்துல இதுக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் இருக்கு. ஆனா எல்லாம் வகுப்பறையில, பேப்பர்ல எழுதுற பாடத்துல பாத்தது. கையால செய்யற தொழில்ல இது பலிக்குமான்னு பாக்கத்தான் எனக்கு ஆசை.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர். பொறுமையாக் கேட்டுட்டு, "பட்டாத்தான் புத்தி வரும். இதுக்கா நாலு வருஷம் படிக்கிற?"ன்னாரு. மூணு நாள் அவரோட நான் பேசல.

ஒரு லிஃப்ட் கம்பெனி எனக்கு இடம் கொடுத்துச்சு. புதுசா வேலைக்கு எடுத்த இருபத்தி நாலு பேர், எல்லாரும் லிஃப்ட் பழுது பாக்குற மெக்கானிக் ஆகப் போறவங்க. பயிற்சிக் கொட்டகைல இரும்புச் சட்டம் கட்டி, ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு மாதிரி லிஃப்ட் நிறுத்தி வெச்சிருந்தாங்க. நான் எடுத்துக்கிட்ட பாடம் ஒண்ணே ஒண்ணு: ஆள் போற லிஃப்ட் கூண்டோட தலை மேல எப்படி ஏறுறது. ஏறுறதுக்கு முன்னாடி நாலு காரியம் பண்ணணும். மாடிக் கதவைத் தொறந்து, வெளில நின்னபடியே கையை நீட்டி, கூண்டு மேல இருக்கிற சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்தணும். கதவை மூடிட்டு, லிஃப்டைக் கூப்பிடுற பட்டனை அமுக்கி, கூண்டு அசையலைன்னு உறுதி பண்ணிக்கணும். மறுபடி தொறந்து, பழுது பாக்குற சுவிட்சைத் திருப்பணும், அதையும் அதே மாதிரி சோதிக்கணும். அதுக்கப்புறம்தான் கால் வைக்கணும். வரிசை மாறினா என்னைக்காவது ஒரு நாள் ஆளே போயிடுவாங்க.

பன்னெண்டு பேருக்கு நேரடியாச் சொல்லிக் கொடுத்தேன். மீதிப் பன்னெண்டு பேரை, "வரிசையை நீங்களே கண்டுபிடிங்க"ன்னு விட்டேன். மாதிரி லிஃப்ட் நகராதபடி பூட்டு போட்டிருந்ததால அங்க பயமில்ல. பயிற்சி மேலாளர் கிட்ட ஒரு நிபந்தனையும் போட்டேன். என் ஆராய்ச்சி முடியற வரைக்கும் இந்த ஒரு பாடத்தை வேற யாரும் இவங்களுக்குச் சொல்லித் தரக்கூடாது, அப்புறம் யாரால கத்துக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாமப் போயிடும். அவரும் சரின்னுட்டாரு. நான் கேட்டதை அப்படியே செஞ்ச புண்ணியவான்.

அந்த ரெண்டாவது பன்னெண்டு பேர்ல ஒருத்தங்கதான் டெய்லரக்கா. மத்தவங்க எல்லாம் இருபது, இருபத்தி ரெண்டு வயசு. இவங்களுக்கு முப்பத்தாறு. பதினஞ்சு வருஷம் தையல் மெஷின் மிதிச்சவங்க. என்னைவிடச் சின்னவங்கதான், ஆனா ஊரே அக்கான்னு கூப்பிடும்போது நான் மட்டும் என்ன சொல்லிக் கூப்பிடறது? "குனிஞ்சு குனிஞ்சே காலம் போச்சு டீச்சர். இந்த வேலைலதான் நிமிந்து நிக்கிறேன்"னு முதல் நாளே சொன்னாங்க. வீட்டுல ஒம்பதாவது படிக்கிற மக, படுத்த படுக்கையா அம்மா. சம்பாதிக்கிறது இவங்க ஒருத்தங்கதான்.

முதல் வகுப்புல அவங்க முறை வந்துச்சு. கதவைத் தொறந்தாங்க. கொஞ்ச நேரம் இடுப்புல கை வெச்சு யோசிச்சாங்க. பழுது பாக்குற சுவிட்சைத் திருப்பினாங்க, நேரா மேல ஏறினாங்க, ஏறி நின்னுக்கிட்டு ஸ்டாப் பட்டனை அழுத்தினாங்க. சோதனை ஒண்ணு கூட இல்ல. "சுவிட்சைத் திருப்பிட்டா லிஃப்ட் நம்ம பேச்சைத்தானே கேக்கும்? அப்புறம் வெளில நின்னு எதுக்கு நேரத்தை ஓட்டணும்?"னு விளக்கமும் கொடுத்தாங்க. பன்னெண்டு பேர்லயே மோசமான தப்பு அதுதான், அழகா யோசிச்சுப் பண்ணின தப்பும் அதுதான்.

"சரியா டீச்சர்?"னு கேட்டாங்க.

முதல் வகுப்புல ஆமான்னோ இல்லைன்னோ சொல்லக் கூடாது, மூஞ்சியக் கூடக் காட்டிக் கொடுக்கக் கூடாது. முறை அப்படி. "அடுத்த வாரம் பேசுவோம்கா"ன்னு சொல்லிட்டு நோட்டுல எழுதினேன். அவங்க சந்தோஷமா இறங்கிப் போனாங்க.

அடுத்த வாரம், திருத்திச் சொல்ற வகுப்பு அன்னைக்குக் காலைல, அவங்க மக பள்ளிக்கூடப் படில விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. அக்கா ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு ஓடி வந்தாங்க. "வகுப்பை விட்டா வேலைக்கு ஏதாச்சும் பிரச்சினை ஆகுமா டீச்சர்?"

"ஒண்ணும் ஆகாது, நீங்க முதல்ல பிள்ளையப் பாருங்க. உங்க நம்பரை நான் எடுத்துடறேன்"னேன்.

எடுத்துட்டேன். பதினேழாம் நம்பருக்கு நேரா 'விலகியவர்'னு எழுதினேன். ரெண்டு வகுப்புல ஒண்ணை விட்டாலும் கணக்குல சேக்கக் கூடாது, அது என் விதி. இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடறேன். அன்னைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு. அவ்வளவு மோசமான ஆரம்பம் என் சராசரியைக் கீழ இழுத்துடுமோன்னு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு வெச்ச பரீட்சைக்கும் அவங்களைக் கூப்பிடல, விலகினவங்களை எதுக்குக் கூப்பிடணும்?

நாலாவது மாசம் கம்பெனில முடிவைச் சொன்னேன். நீளமான மேசை, பத்துப் பன்னெண்டு பேர், சுவத்துல என் வரைபடங்கள். முட்டி மோதிக் கத்துக்கிட்டவங்கதான் ஜெயிச்சிருந்தாங்க, அதுவும் சாதாரணமா இல்ல. மேலாளர் பூரிச்சுப் போயிட்டாரு. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க மேடம். நீங்க உதவ வெச்சுட்டீங்க"ன்னாரு. எனக்குத் தரைல கால் பாவல. அப்போ அவரே, "இருபத்தி நாலு பேரும் சைட்ல ஜம்முன்னு வேலை பாக்குறாங்க"ன்னு மத்தவங்க பக்கம் திரும்பிச் சொன்னாரு.

"இருபத்தி மூணு சார். ஒருத்தங்க விலகிட்டாங்க"ன்னேன்.

"யாரு? யாரும் விலகலையே. டெய்லரக்காவைச் சொல்றீங்களா? நல்லா வேலை செய்யறாங்களே."

விலகினது என் நோட்டுல. அவங்க எங்கயும் விலகல. மகளுக்குக் கட்டு போட்டுட்டு ரெண்டே நாள்ல வேலைக்கு வந்து, நான் முதல் வகுப்புல பாத்துக்கிட்டு நின்ன அந்த வரிசையோட, நிஜ லிஃப்ட் மேல நாலு மாசமா ஏறி இறங்கிட்டு இருக்காங்க. அந்தப் பாடத்தை வேற யாரும் சொல்லித் தரவும் இல்ல, நான்தான் தரவிடலையே.

ஃபோன் பண்ணினேன், எடுக்கல. எந்தக் கட்டடம்னு மட்டும் கேட்டுக்கிட்டு, கூட்டம் முடியறதுக்குள்ள கிளம்பினேன். பஸ்ல அரை மணி நேரம். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் ஆள் ஏறி இறங்குறப்ப, அந்த டிரைவரை என் வாயில வந்தபடி திட்டினேன். பாவம், அவருக்கு என்ன தெரியும்?

ஏழு மாடி ஆஃபீஸ் கட்டடம். அஞ்சாவது மாடில மஞ்சத் தடுப்புப் பலகை வெச்சிருந்துச்சு. கூட வந்த சீனியர் மெக்கானிக் மொட்டை மாடி மோட்டார் ரூம்ல இருந்தாரு, எப்பவும் அங்கதான் இருப்பாராம். அதனால இவங்க ஏறுறதை இத்தனை நாள்ல ஒருத்தரும் பாத்ததில்ல. நான் மூச்சு வாங்கிக்கிட்டு வர்றேன், அக்கா கதவைத் தொறந்து உள்ள கையை விட்டு சுவிட்சைத் திருப்பினாங்க, வலது காலைத் தூக்கினாங்க.

"அக்கா, நில்லுங்க"ன்னேன்.

என்னைப் பாத்ததும் அவங்க முகம் மலர்ந்துச்சு. "வாங்க டீச்சர், என்ன இந்தப் பக்கம்? மக கை சரியாயிடுச்சு, எழுதறா."

தடுப்புப் பலகை பக்கத்துலயே உக்கார வெச்சு விஷயத்தைச் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க. "நாலு மாசமா ஒண்ணும் ஆகலையே. தப்பா இருந்தா என்னைக்கோ தெரிஞ்சிருக்குமே." அதுதான் இதுல இருக்கிற விஷமே. சுவிட்சு வேலை செய்யற வரைக்கும் தப்பான வரிசையும் சரியாத்தான் தெரியும். சுவிட்சு உள்ளுக்குள்ள செத்துக் கிடக்கிற ஒரு நாள், இவங்க ஒரு கால் மேலயும் ஒரு கால் தரைலயுமா நிக்கிறப்ப, மூணாவது மாடில எவனாவது பட்டனை அமுக்கினா லிஃப்ட் கிளம்பிடும். நான் சொல்லச் சொல்ல அவங்க சிரிப்பு குறைஞ்சுது. கையுறையைக் கழட்டி மடில வெச்சுக்கிட்டாங்க.

"அன்னைக்கு நான் பண்ணினப்பவே தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

"பாத்துக்கிட்டேதான நின்னீங்க? ஏதோ எழுதிக்கிட்டு?"

ஆமான்னு தலையை மட்டும் ஆட்டினேன். ஆராய்ச்சி முறை, ரெண்டு கட்டம், ஒரு வார இடைவெளின்னு சொல்லலாம்தான். அந்த இடத்துல அதெல்லாம் சொல்ல எனக்கே வெக்கமா இருந்துச்சு.

அக்கா கையுறையைத் திரும்ப மாட்டிக்கிட்டே, "மேலாளர் கிட்ட சொல்லாதீங்க. வேலை நிரந்தரமாக இன்னும் ரெண்டே வாரம்தான் இருக்கு. இப்பவே சரியானதைச் சொல்லிக் கொடுங்க, நான் புடிச்சுக்கறேன்"னாங்க. சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு தடவை பிசகில்லாமப் பண்ணினாங்க. எனக்கே ஆசை வந்துடுச்சு, இதோட முடிச்சுடலாமேன்னு. அப்போ கீழ மாடில இருந்து யாரோ, "இன்னும் எவ்வளவு நேரம்மா? பெரியவர் ஒருத்தர் நிக்கிறாரு"ன்னு சத்தம் போட்டாங்க. "இதோ ஆச்சுங்க"ன்னு சொல்லிக்கிட்டே அக்கா கதவைத் தொறந்தாங்க. கை நேரா சுவிட்சுக்குப் போச்சு, கால் எழும்பிடுச்சு. நான் அவங்க சட்டையைப் புடிச்சு இழுத்தேன்.

தானாக் கண்டுபிடிச்சது மனசை விட்டுப் போகாதுன்னு நூத்தி முப்பது பக்கம் எழுதினவ நான். அன்னைக்கு அது நூத்துக்கு நூறு உண்மைன்னு தெரிஞ்சுது.

சாயங்காலம் வீட்டுக்காரர் கிட்ட சொன்னேன். இந்தத் தடவை அவர் கிண்டல் பண்ணல. "என் பஸ்ல பிரேக் சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சா, ஆளை ஏத்திக்கிட்டு ஓட்டுவேனாம்மா?"ன்னாரு. அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே ரெண்டு கடிதம் எழுதி அனுப்பிட்டேன், ஒண்ணு மேலாளருக்கு, ஒண்ணு என் ஆராய்ச்சி கைடுக்கு. தப்பு டெய்லரக்காவோடது இல்ல, என்னோடதுன்னு ரெண்டுலயும் எழுதினேன்.

கைடு, "ஒரு ஆளுக்காக மொத்தத்தையும் கெடுத்துக்காதம்மா, அடிக்குறிப்புல போட்டுடலாம்"னாரு. "அடிக்குறிப்பு லிஃப்ட் மேல ஏறுது சார்"னு சொல்லி ஃபோனை வெச்சேன். மேலாளர் கோபப்படல, அதுதான் பயமா இருந்துச்சு. அக்காவை உடனே சைட்ல இருந்து எடுத்து ஸ்டோர்ல உக்கார வெச்சாரு. "வேலை நிரந்தரம் ஆகுறதுக்கு முன்னாடி பாதுகாப்பு அதிகாரி ஒரு டெஸ்ட் வெப்பாரு. தேறினா வேலை. தேறலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது மேடம்"னாரு. பத்து நாள் அவங்களைப் பழக்குற பொறுப்பு எனக்கு.

முதல் ரெண்டு நாள் அக்கா என்கிட்ட வேலையைத் தவிர வேற ஒரு வார்த்தை பேசல. அதுவும் நியாயம்தான். மூணாவது நாள், "உங்க மேல எனக்கு ஆத்திரம்தான் டீச்சர். ஆனா ஆத்திரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன தைக்கவா போறேன்?"னாங்க. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க? கொட்டகைல அந்த மாதிரி லிஃப்ட்ல ஒரு நாளைக்கு அறுபது தடவை ஏறினாங்க. முதல் நாள் அறுபதுல இருபது தப்பு. அஞ்சாவது நாள் மூணு. எட்டாவது நாள் ஒண்ணு கூட இல்ல.

ஆனா இன்னொரு வியாதி வந்துடுச்சு. ஒவ்வொரு படி முடிஞ்சதும் திரும்பி என் முகத்தைப் பாத்தாங்க. பட்டனை அழுத்துவாங்க, பாப்பாங்க. கதவை மூடுவாங்க, பாப்பாங்க. முதல் வகுப்புல இடுப்புல கை வெச்சு, தானா யோசிச்சு, தைரியமா ஏறினவங்க. இப்போ தன் கையையே நம்பல. "என்னைப் பாக்காதீங்க, நான் சைட்டுக்கு வரமாட்டேன்"னேன். "தெரியுது. கண்ணு கேக்க மாட்டேங்குது"ன்னாங்க. கடைசி ரெண்டு நாள் நான் சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டேன். சத்தத்தை வெச்சே வரிசை சரியான்னு சொல்லப் பழகிட்டேன். பட்டன் ஒரு 'டக்', கதவு மூடுற சத்தம், மறுபடி கதவு, சுவிட்சு, இன்னொரு தடவை கதவு, கடைசில கூண்டோட தகரத்து மேல காலடி.

டெஸ்ட் வியாழக்கிழமை காலைல. வெள்ளிக்கிழமையோட அவங்க தற்காலிக வேலை முடியுது, அதுக்குள்ள தேறியாகணும். பாதுகாப்பு அதிகாரி மெலிஞ்ச மனுஷர், அதிகம் பேசல, அட்டையில காகிதம் சொருகி வெச்சிருந்தாரு. "அஞ்சு தடவை. அஞ்சும் சரியா இருக்கணும்"னாரு.

அக்கா தயங்கி, "சார், டீச்சர் கீழ இருக்கட்டும். அவங்க இருந்தா என் கண்ணு அங்கதான் போகும்"னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு, ஆனா அது சரின்னும் தெரிஞ்சுது. இரும்புப் படில இறங்கி, கீழ்த் தட்டுல நின்னேன். தலைக்கு மேல தகரத் தரை, அங்க நடக்குறது எதுவும் தெரியாது. சத்தம் மட்டும்தான்.

முதல் தடவை சரி. ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் தண்ணி பட்ட பாடு. நாலாவது முடிஞ்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, யாரும் பாக்கலைன்னு துடைச்சுக்கிட்டேன். மேல அதிகாரி என்னமோ சொன்னாரு, அக்கா "சரி சார்"னாங்க. அப்புறம் அவர் சத்தமா, "உள்ள ஆள் மாட்டிக்கிட்டிருக்கு, சீக்கிரம், சீக்கிரம்"னு அவசரப்படுத்த ஆரம்பிச்சாரு. அவங்க எங்க சறுக்குவாங்கன்னு அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

கதவு தொறந்துச்சு. ஸ்டாப் பட்டன் 'டக்'. அடுத்து கதவு மூடணும். மூடல. அதுக்குப் பதிலா, தகரத்து மேல 'தொம்'முன்னு ஒரு கனமான சத்தம்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். கால் வெச்சுட்டாங்க. முன்னாடி ஒரு தடவை வாயை மூடிக்கிட்டு நின்னவ, இந்தத் தடவை நிக்க முடியல.

"ஏறாதீங்கக்கா!"

மேல எல்லாச் சத்தமும் நின்னு போச்சு. நான் ரெண்டு ரெண்டு படியா ஏறிப் போனேன். அதிகாரி படி உச்சில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"வெளி ஆள் வழி சொன்னா டெஸ்ட் செல்லாது மேடம்"னாரு.

"அவங்க ஏறிட்டாங்களா?"

"ஏறல. மாடித் தரைலதான் நிக்கிறாங்க."

"அப்போ சரியாத்தானே பண்ணியிருக்காங்க? அப்படியே எழுதுங்க சார்."

"தானா நின்னாங்களா, நீங்க சொன்னதால நின்னாங்களா? அது எனக்குத் தெரியாதே. தெரியாததை நான் எப்படி எழுதறது?" அவர் குரல்ல கோபமே இல்ல. அவர் இடத்துல நான் இருந்தாலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், இதைக் கணக்குல சேத்திருக்க மாட்டேன். அடுத்த டெஸ்ட் எப்பன்னு கேட்டேன். ஒரு மாசம் ஆகும்னாரு. இன்னைக்கே இன்னொரு தடவைன்னு கெஞ்சினேன். முடியாதுன்னு தலையை ஆட்டிட்டு, காகிதத்துல 'செல்லாது'ன்னு எழுதிக் கையெழுத்து போட்டாரு.

டெய்லரக்கா தொறந்த கதவு பக்கத்துல அப்படியே நின்னாங்க. ரெண்டு காலும் மாடித் தரைலதான் இருந்துச்சு. காலடில, அந்த மாடித் தரைத் தகரத்து மேலயே, இரும்புச் சாமான் நிறைஞ்ச ஒரு கருவிப் பை. அஞ்சாவது தடவைக்கு, நிஜ வேலை மாதிரி இருக்கட்டும்னு அதிகாரி அவங்க தோள்ல மாட்டி விட்டது. அவங்க என்னைத் திட்டல, அழவும் இல்ல.

"பையைத்தான் டீச்சர் கீழ வெச்சேன்"னாங்க. "கதவை மூட ரெண்டு கையும் வேணுமே."